சனிக்கிழமை மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையைத் தினமும் போடச் சொல்லியிருந்தார்கள். நெஞ்சு தேறியது. வயிறு கெட்டது. வெளிக்குப் போனது தார் மாதிரிக் கறுத்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார். வாழைத் தோட்டத்தில் மயங்கிச் சரிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

தேனி ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே பேசினார். ரத்த மாத்திரையை நிறுத்தினால் நெஞ்சு அடைக்கும்; நிறுத்தாவிட்டால் புண் கசியும். அதனால் அமிலத்தை அடக்கும் மாத்திரையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றார். நான் போடுகிற கேஸ் மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் அதைத்தான் போடுகிறார்கள், கறிச்சோறு தின்ற மறுநாள் அது வீட்டுக்கு வீடு கைமாறும். டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார். எனக்கு அது சரி, வீட்டுக்காரருக்கு ஆகாது, ரத்த மாத்திரையின் வேலையை அது குறைத்துவிடும் என்று சொல்லி, வேறொன்று எழுதினார். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடவேண்டும், ஒருநாளும் விடக்கூடாது.

ஆனால் சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே. குச்சனூர் சனி பகவான் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, பொழுது சாய்ந்த பிறகே வீட்டுக்காரர் வாயில் தண்ணீர் படும். ஏழரைச் சனி பிடித்த காலத்தில் தொடங்கிய விரதம், விட்டதே இல்லை.

வீடு திரும்பிய முதல் சனிக்கிழமை, குளித்து வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தவர் முன்னால் மாத்திரையும் தண்ணீருமாக நின்றேன்.

"நாளைக்குச் சேத்து ரெண்டாப் போட்டுக்கிறேன், விடு."

"ரெண்டு நாளுச் சோத்த ஒரே நாளு திங்க இது என்ன கல்யாண வீடா?"

"சனி பிடிச்சா நீயா தாங்குவ?"

"இத்தன வருசமா ஒங்களத் தாங்குறேன். சனி என்ன பெருசு?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்குமேல் கேலி வரவில்லை. தோட்டத்தில் கிடந்த கிடைதான் கண்ணில் நின்றது.

"இனிமே அந்த விரதம் என்னுது. பச்சத் தண்ணி பல்லுல படாம நான் இருக்கேன். நீங்க மாத்திரையப் போட்டுச் சாப்பிட்டு, வெளக்குப் போட மட்டும் வாங்க."

"சாமி ஒத்துக்கிருமா?"

"வீட்டுக்கு ஒரு வயிறு காஞ்சாப் போதும்னு அவருக்குத் தெரியும்."

கையை நீட்டினார். விழுங்கினார். அரை மணி கழித்து இட்லி வைத்தேன். என்னைப் பார்க்காமலேயே தின்றார். குச்சனூரில் காக்கைக்குச் சோறு வைக்கும்போது இலையை என் கையில் கொடுத்தார்.

சில நாள் கழித்து, வெளிக்குப் போவதில் கறுப்பு போய்விட்டது என்று அவராகவே வந்து சொன்னார். முன்பு மறைத்தவர்.

சனிக்கிழமை மதியமானால் எனக்கு வயிறு எரிகிறது. அதை நான் அவரிடம் சொல்வதில்லை.