யாருக்கும் தெரியாத மீன்

மீன் வெட்டும் கூடத்தில் அவளுக்குப் பெரியக்கா என்று பெயர். இருபத்தாறு வருஷம் கத்தி பிடித்த கை. கூடைக்குள் கையை விட்டாலே என்ன மீன், பிடித்து எத்தனை நாளாகிறது என்று சொல்லிவிடுவாள். தெரியாது என்று சொல்ல மட்டும் வாய் வராது. அந்தத் தலைக்கனத்தைக் கேலி பண்ணியே மற்றவர்கள் வளர்த்துவிட்டிருந்தார்கள்.

கடல் சூடாகிவிட்டது என்று படகுக்காரர்கள் நாலு வருஷமாகப் புலம்புகிறார்கள். கம்பெனி வாங்கும் மீனெல்லாம் குளிர்ந்த தண்ணீரைத் தேடிக் கண்காணாமல் போய்விட்டது. பன்னிரண்டு மேசையில் மூன்றில்தான் வேலை, அதுவும் வாரத்தில் இரண்டு நாள். மிச்ச நாளெல்லாம் அடுப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பயமாக இருக்கும்.

அன்று ஒரு புது மீன் வந்திருந்தது. வெள்ளி வயிறு, செதில் இல்லை, முன்னால் நாலு பெரிய பல். இது விலைபோகாது, குப்பையில் கொட்டுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். ஏழு பெண்கள் அந்தக் கூடையைப் பார்த்தார்கள். பிறகு பெரியக்காவைப் பார்த்தார்கள்.

அவளுக்கு அது சத்தியமாகத் தெரியாத மீன். புரட்டிப் பார்த்தாள், முகர்ந்தாள். சதை வெள்ளையாக, உறுதியாக இருந்தது.

"தோலை உரிச்சிட்டா போதும். நல்ல மீன்தான்," என்றாள்.

எட்டுப் பங்கு போட்டதும் அவளேதான்.

மத்தியானம் தான் சாப்பிடாமல் புருஷனுக்கு முதலில் பரிமாறினாள். தட்டைக் கழுவி வைப்பதற்குள் உதடு மரத்துப்போகிறது என்றான். தண்ணீர் டம்ளரைத் தூக்கக் கை வரவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மீனின் நாலு பல்லைப் பற்றிச் சொன்னதுமே டாக்டரின் முகம் மாறியது. சூடான கடலில் வாழும் மீன், விஷம், கொதிக்க வைத்தாலும் போகாது, முறிக்க மருந்தும் கிடையாது என்றார். அவன் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள்.

"வேற யார் வீட்டுக்கும் போச்சாம்மா?"

போன் வீட்டில் கிடந்தது. ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை. புருஷனை அப்படியே விட்டுவிட்டு வந்த ஆட்டோவிலேயே ஏறினாள். ஒரு வீட்டில் மீன் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. சட்டியோடு தூக்கி வாசலில் கொட்டினாள். இன்னொரு வீட்டில் பசியோடு காத்திருந்த மாமியார் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டட்டும். ஆறு வீட்டிலும் யாரும் இன்னும் வாயில் வைக்கவில்லை. அவளுக்கு உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது.

ஏழாவது வீடு, கூடத்திலேயே சின்னவளான ரெண்டு பிள்ளைக்காரியின் வீடு. கழுவிய தட்டுகள் வாசலில் காய்ந்துகொண்டிருந்தன.

"வாங்கக்கா," என்று சிரித்தாள் அவள். "பிள்ளைங்க வயிறார சாப்பிட்டு எத்தனை நாளாச்சு. எனக்குத்தான் மிச்சம் வைக்கல. சத்தம் போடாதீங்க, இப்பதான் ரெண்டும் தூங்குது."

பெரியக்கா அவளைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடி, பாயில் கிடந்த சின்னதைத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.