பெட்டிக்குள் போட்ட விலை

அம்புஜவல்லி பன்னிரண்டு வருடம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் வறுத்த மணிலாக் கடலை விற்றவள். கணவன் தங்கதுரைக்குப் பீங்கான் பட்டறையில் சூளை வேலை. பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு கொட்டகை பிடித்து எண்ணெய்ச் செக்கு போட்டதும், மணிலாவை ஏலத்தில் நேரடியாக எடுக்க லைசென்ஸ் வாங்கினாள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பெரிய வியாபாரி திருமால்.

ஏலம் நடப்பது கமிட்டியில், அதாவது அரசாங்க விற்பனைக்கூடத்தில். விவசாயிகள் காலையில் சரக்கைக் குவித்து வைப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலுக்கும் தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மத்தியானம் பெட்டியைத் திறந்து, அதிக விலை எழுதியவருக்குச் சரக்கைக் கொடுப்பார்கள்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, திருமால் வியாபாரிகளை டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள விவசாயி பேங்குல பணம் ஏறணும்னு சட்டம் போட்டுட்டாங்க. மில்லுக்காரன் நமக்குத் தர ஒரு மாசம் ஆவுது. நடுவுல வட்டிய கவர்மெண்டா கட்டும்? இன்னிக்கி மூட்டை ஆறாயிரத்து நானூறு. ஒருத்தரும் தாண்டக் கூடாது. தங்கச்சி, உனக்கும்தான்."

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டி அவளையும் கடித்தது. ஆனால் ஏழாயிரத்து நூறு கொடுத்தாலும் எண்ணெயில் தனக்குக் கொஞ்சம் லாபம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு இன்னும் அதிகமாகவே நிற்கும்.

கருவேப்பிலங்குறிச்சி விவசாயி கொளஞ்சிநாதன் நாற்பது மூட்டை கொண்டுவந்திருந்தான். அவள் ஒரு பருப்பை எடுத்துக் கடித்தாள். அருமையான சரக்கு.

"பாத்துப் போடுங்கக்கா," என்றான் அவன்.

ஏழாயிரத்து நூறு என்று எழுதி, சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நகர்ந்தாள்.

மத்தியானம் மேற்பார்வையாளர் பாரதி வாசித்தார். ஆறாயிரத்து நானூறு, ஆறாயிரத்து நானூறு என்றே போய்க்கொண்டிருந்தது. அவள் பெயரும் விலையும் வந்ததும் களமே திரும்பிப் பார்த்தது. திருமால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு சுமை தூக்குகிறவர்கள் அவள் மூட்டைகளைத் தொடவில்லை. வழக்கமாக வரும் லாரிக்காரர் போனை எடுக்கவில்லை. மணி நாலானது.

"ஆறு மணிக்குள்ள களம் காலியாவணும்மா. இல்லன்னா உங்க லைசென்ஸ நிறுத்தி வெக்கணும். ரூல் அப்படி இருக்குது," என்றார் பாரதி.

"இஷ்டப்பட்ட வெலைய எழுதலாம்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"வெலைக்கி ரூல் இருக்குதும்மா. லாரிக்கு இல்ல."

அவள் கொளஞ்சிநாதனிடம் ஓடினாள். அவனுடைய டிராக்டர் கேட்டருகே நின்றது.

"தம்பி, செக்கு வரைக்கும் கொண்டாந்து போட்டுடு. வாடகை தரேன்."

அவன் கேட்டுப் பக்கம் பார்த்தான். திருமாலின் ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "அடுத்த வாரமும் நான் இங்கதானக்கா வரணும்? வூட்டுல இன்னும் முப்பது மூட்டை கெடக்குது."

"நான் எடுத்துக்கறேன்."

அவன் டிராக்டர் மேல் சாய்ந்துகொண்டான். தங்கதுரை பட்டறையிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்து, தனியாளாக முதல் மூட்டையை முதுகில் ஏற்றினான். நாலாவது மூட்டைக்குக் கொளஞ்சிநாதன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். அவள் அடியில் கை கொடுத்தாள். இரண்டாவது நடைக்கு டிராக்டர் கேட்டைத் தாண்டியபோது ஆறாக ஐந்து நிமிஷம்.

அடுத்த செவ்வாய் அவன் முப்பது மூட்டையோடு வந்தான். திருமாலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேறு யாரும் அந்தக் குவியலுக்குச் சீட்டுப் போடவில்லை. அம்புஜவல்லிக்கு அது தெரிந்தது. தான் என்ன எழுதினாலும் அதுதான் விலை. உள்ளூர் லாரிகள் வராததால் பெண்ணாடத்திலிருந்து கூடுதல் வாடகைக்கு வண்டி பேசியிருந்தாள். அந்தச் செலவை நினைத்தாள். ஆறாயிரத்து நானூறு என்ற எண் மனசுக்குள் வந்து நின்றது. அது வந்ததே அவளைப் பயமுறுத்தியது.

கடைசியில் ஏழாயிரம் என்று எழுதினாள்.

பாரதி வாசித்ததும் கொளஞ்சிநாதன் அவளிடம் வந்தான். "போன வாரத்துக்கு நூறு கொறையுதேக்கா?"

"வண்டி வாடகை ஏறிப்போச்சு தம்பி."

அவன் தன் குவியலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு விற்பனைச் சீட்டில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குள் போனான்.