காற்றில் தொங்கிய தங்கக் கம்பிகள்

2008-இல் திருப்பூரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மற்றவர்களுக்குத் தையல் நின்றது. ஆஷாவுக்குக் கணக்கு நின்றது. சாத்தான்குளத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் அவள். கல்யாணத்துக்குப் பிறகு கோவையில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் ஓடவிடும் கணக்கு முடிய ஒரு பகல் வேண்டும். பாதியில் அணைந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

கணவன் ஜெபக்குமார் அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அங்கே ஜெனரேட்டர் உண்டு. ஆஷாவின் கம்ப்யூட்டரை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளி பெருமாள்சாமியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கட்டிங் ரூம் மூலையில வெச்சுக்கச் சொல்லுங்க. பஞ்சு உள்ள போகாமப் பாத்துக்கோணும், அவ்வளவுதானுங்க" என்றார் அவர்.

துணி வெட்டும் மருதாள், திரையில் தெரியும் மஞ்சள் குச்சிகள் என்னவென்று கேட்டாள். ஆஷா விளக்கினாள். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று ஒரு கதியில் அதிரும்; அதற்கு ஒத்த அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். எந்த ஒளி குறைகிறது என்று பார்த்தால் மூலக்கூறு எதுவென்று தெரிந்துவிடும். சாயப்பட்டறைத் தண்ணீரில் கொஞ்சமே கொஞ்சம் கலந்த நஞ்சு விழுங்கும் ஒளியோ மிகக் குறைவு, கண்ணில் படாது. அதற்குத்தான் இந்தத் தங்கக் கம்பிகள். தலைமுடியின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு நீளம். ஒளியைத் தம் முனைகளில் குவித்துக் கொடுக்கும். எந்த ஒளி என்பதை நீளம் முடிவு செய்யும்.

அவள் வடிவமைத்தபடி வெளியூர் ஆய்வகத்தில் கம்பிகளைத் தகட்டில் பதித்து அனுப்பினார்கள். சோதித்தால், கம்பிகள் வேறெங்கோ உள்ள ஒளியைப் பிடித்தன. நஞ்சு தெரியவே இல்லை. இரண்டு நாள் திரும்பத் திரும்பச் சோதித்தாள். மூன்றாம் நாள் கட்டிங் ரூமில் உட்கார்ந்து கணக்கை வரிவரியாகப் படித்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். ஜெபக்குமார் ஓடி வந்தான்.

"நான் கம்பிய அந்தரத்துல தொங்கவிட்டுல்லா கணக்குப் போட்டிருக்கேன். அது சிலிக்கான் தகட்டு மேலல்லா இருக்கு."

தகட்டின் மேல் இருந்தால் அதே கம்பி இன்னும் நீண்ட அலைநீளமுள்ள ஒளியைப் பிடிக்கும். ஆகவே கம்பியைக் குட்டையாக்க வேண்டும். திருத்திய கணக்கு அன்று மாலையே முடிந்தது.

மழைக்காலம் வந்தபோது புதிய தகடும் வந்தது. கோவை ஆய்வகத்தில் வரைபடக் கோடு மேலேற, அதன் உச்சியில், நஞ்சு ஒளியை விழுங்கும் இடத்திலேயே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது. ஆஷா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜெபக்குமாருக்குப் போன் செய்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் அமராவதி அணைக்குப் பஸ் ஏறினார்கள். அணையோரம் பொரித்த மீன் வாங்கி, காற்று முகத்தில் அடிக்கத் தின்றார்கள்.