குடும்பத் தலைவரின் பெயரில் ஒரு பரிசோதனை

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படிவம் என்றால் எங்கள் மீனவ ஊரான பள்ளிமுனையின் பெண்கள் இன்றும் என்னிடம்தான் வருவார்கள். ஆகவே நாங்கள் மிசி என்று அழைக்கும் குடும்பநல மாது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக் குழாய்களைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தபோது, பெயர்ச்சீட்டுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

விஷயம் எளிது. கிளினிக் கட்டிலில் ஏறிப் படுக்க வேண்டாம். பஞ்சு முனைக் குச்சியை வீட்டில் தாங்களே உள்ளே விட்டுச் சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடி, சீட்டில் பெயர் எழுதித் தந்தால் போதும். இவ்வளவு காலமும் கூச்சம் என்று கிளினிக் பக்கம் வராதவர்கள், கூச்சத்துக்கே இடமில்லை என்றதும் வேறு காரணம் தேடினார்கள்.

"நாங்களே எடுத்தாப் பிழையாப் போயிடாதோ மிசி? படிச்ச ஆக்கள் எடுக்கிற மாதிரி வருமே?" என்றாள் ஒருத்தி. வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றும் கை அவளுடையது.

"மனுசனிட்ட ஒரு சொல்லுக் கேக்கோணும்" என்றாள் இன்னொருத்தி.

"கொரோனாவுக்கு மூக்குக்குள்ள விட்டாங்களே, அப்ப கேட்டனியோ?" என்றது பின் கதிரையிலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள்.

மறுநாள் குழாய்கள் மீன் பைகளுக்குள் ஒளிந்து வந்தன. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எழுத்துத் தெளிவு. சரி போட்டு அனுப்பினேன்.

சில வாரங்களில் முடிவு வந்தது. ஒரே ஒரு குழாயில் அந்தப் புற்றுநோயைத் தரக்கூடிய வைரஸ் இருந்தது. அதற்குரியவள் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிசி பெயரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அது ஒரு மீனவரின் பெயர்.

பட்டியலை முழுதாகப் பார்த்தோம். பள்ளிமுனை ஆண்கள் வரிசையாகக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்திருந்தார்கள். முப்பது வருடம் அப்படிப்பட்ட பட்டியல்களையே பார்த்த கண்ணுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. ஆய்வுகூடத்திலும் என்னைப் போல ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

குறித்த பெயரோ எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் புனிதருடையது. பரிசோதித்த பெண்களில் மூவரின் கணவர்மாருக்கு அதே பெயர். அந்த மூன்று பெண்களையும் என் வீட்டுக்கு அழைத்துச் சொன்னோம்: உங்களில் ஒருத்தி.

"நீங்கள்தானேக்கா சொன்னனீங்கள், குடும்பத் தலைவற்ற பேர் போடாட்டித் திருப்பி அனுப்புவினம் எண்டு?" என்று அழுதாள் மூவரில் இளையவள்.

சொன்னவள் நான்தான். நிவாரணத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் சொன்னேன். குழாய்க்கும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

மூவரில் ஒருத்தியான நண்டுக்காரி எழுந்தாள். "ஒருத்தி தனியப் போனா ஊர் கதைக்கும். மூண்டு பேராப் போனா கோயில் நேர்த்திக்கடன் எண்டு நினைக்கும். வெளிக்கிடுங்கோடி."

ஆஸ்பத்திரியில் மூவரும் மறுபடி மாதிரி கொடுத்தார்கள். இம்முறை சீட்டுகளை நானே எழுதினேன், அவரவர் பெயரில். வைரஸ் இருந்தது நண்டுக்காரியின் குழாயில். சிகிச்சைத் திகதியிட்ட துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வீடு தந்தியள், அவற்ற பேரில. வள்ளம் தந்தியள், அதுவும் அவற்ற பேரில. இந்த நோய் வருத்தத்தை மட்டும் பிழையில்லாமல் என்ர பேரில எழுதிப்போட்டியளக்கா."

குறித்த நாளில் போனாள். ஆரம்பத்திலேயே கண்டதால் சிறு சிகிச்சையோடு முடியும் என்றார் டொக்டர். மற்ற இருவரும் கூடவே போயிருந்தார்கள். நேர்த்தி இன்னும் முடியவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார்களாம்.