கிளட்சுக்குக் கீழே கோணி

கியர் போடும்போது கர்ரென்று கேட்டால் எல்லோரும் டிரைவரைத்தான் முறைப்பார்கள். எழுபதுகளில் திருவள்ளூர் டாக்சி ஸ்டாண்டில் அந்த முறைப்பை நான் நிறையவே வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்சி என்னுடையதல்ல. என் முதலாளிக்கு அமாவாசை வந்தால் கொண்டாட்டம். கோயில் குளத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வரும் சனங்களைக் கடம்பத்தூர் வரைக்கும் ஏற்றி இறக்குவோம். அந்த ஐப்பசி அமாவாசைக்கு மழை வேறு. வண்டியின் தரை துருப்பிடித்துவிடும் என்று பயந்து, முதலாளி கோணிகளை நாலாக மடித்து உள்ளே பரப்பிவிட்டார். என் காலடியிலும்தான். அதை யாராவது நகர்த்தினால் கத்துவார்.

அன்றிலிருந்து கியர் கத்த ஆரம்பித்தது. நின்ற இடத்தில் முதல் கியர் போட்டாலே பல் நறநறவென்று கடித்தது. "இன்னாப்பா, உள்ள கல்லு அரைக்கிறியா?" என்று ஸ்டாண்டில் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"உன் கையே சரியில்ல. என் வண்டிய நாசம் பண்ணிக்கினு கீறே" என்றார், எல்லோர் முன்னாலும்.

அந்தச் சமயம் பார்த்து, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு டிரைவர் தேவைப்பட்டது. மாதம் பிறந்தால் சம்பளம், யூனிபாரம், யார் வாயிலும் விழ வேண்டாம். அந்த வேலைக்கு நான் அப்படி ஏங்கினேன். ஆள் எடுக்கும் ஆபீசர் திருவள்ளூருக்கு வந்திருந்தார். என் டாக்சியிலேயே ஏறிக்கொண்டு, கம்பெனி வரை ஓட்டிக் காட்டு, பார்க்கலாம் என்றார். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரிகளுக்காக நின்றுவிட்டு மறுபடி முதல் கியர் போட்டேன். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது.

"கிளட்ச அமுக்கக் கூடத் தெரியலியேப்பா" என்றார்.

"அடி வரைக்கும் அமுக்கறேன் சார்."

சத்தியமாக அதற்கு மேல் என் கால் இறங்கவில்லை. கம்பெனி வாசலில் இறங்கியவர், வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஆத்திரம் தாங்காமல் வண்டியை ஓரம் கட்டினேன். காலடியில் ஈரக் கோணி நாறியது. அதை இழுத்து வெளியே வீசிவிட்டு ஏறிக் கிளட்சை மிதித்தால், இத்தனை நாளும் இறங்காத இரண்டு விரல்கடை கீழே போனது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கிளட்ச் முழுசாக இறங்கினால்தான் இஞ்சினை விட்டு கியர் பிரியும். பாதியில் நின்றால் சுற்றுகிற பல்லோடு பல் மோதத்தான் செய்யும். வண்டியிலும் கோளாறு இல்லை, என்னிடமும் இல்லை. ஒரு கோணிக்கு என் வேலையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

வீசியதை எடுத்துக்கொண்டுபோய் முதலாளி முன்னால் போட்டேன்.

"கிளட்சுக்குக் கீழ இது கெடந்ததாலதான் என் கம்பெனி வேல பூட்ச்சி. நீங்களே வந்து ஆபீசராண்ட ஒரு வார்த்த சொல்லணும்."

அவர் கோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம்கூட முகம் மாறவில்லை.

"நான் எதுக்கு நைனா சொல்லணும்? நீ பூட்டா, அமாவாசைக்கு உன்னாட்டம் யாரு ஓட்டுவா?"

என் கை சரியில்லை என்று ஊருக்கே சொன்ன வாய் அது.