ஆந்த்ரேயின் கல்லில் வெட்டிய பெயர்

இத்தாலி எல்லையில் ஸ்லோவேனியர்கள் வாழும் நப்ரெஜினாவில் கல் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர். கல்லுக்கு முதலாளி என்றால் ஸ்டாங்கோ ஒருவர்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உளி பிடித்தவர். இன்று வியன்னாவின் பெரிய கட்டடங்களுக்குப் படிக்கட்டு அவர் கல்தான். "படிச்சவன் ஏறிப் போறான். படியைப் போட்டவன் நான்" என்பார்.

அப்பா ஆந்த்ரே வசந்தத்தில் இறந்தார். நவம்பரில் ஊரே கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாளுக்குள் கல் நட்டாக வேண்டும். அதில் எந்தப் பெயர்? பிறந்தபோது கோவாச். பாசிசக் கறுப்புச்சட்டைக்காரர்கள் ஆட்சியில் ஸ்லோவேனியப் பெயர்களை இத்தாலிய மொழிக்கு மாற்றியபோது ஃபாப்ரி. ஸ்டாங்கோ தொழில் வளர்த்ததும் அந்தப் பெயரில்தான்.

"ஃபாப்ரின்னே வெட்டுறேன்க்கா" என்றார் அக்கா பவ்லாவிடம். "நம்ம லாரி ஓட்டுற ஹங்கேரிக்காரனும் கோவாச்தான்; நம்ம ஆளுங்ககிட்டேருந்து எடுத்துட்டுப் போன பேரு. கல் வாங்குற பிரெஞ்சுக்காரன் லெஃபெவ்ர். அதுவும் ஃபாப்ரியும் லத்தீன்ல ஒரு வயித்துப் பிள்ளைங்க. வியன்னாக்காரன் ஷ்மிட். அத்தனை பேரையும் உக்கார வெச்சு, ஊத்திக் குடுத்துக் கேட்டுட்டேன். எல்லாம் கொல்லன்தான்! ஐரோப்பா பூரா ஒரே கொல்லன்!"

பவ்லா உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. "எல்லாம் ஒண்ணுதானேடா? அப்போ கோவாச்னே வெட்டு. உனக்கென்ன குறையுது?"

ஸ்டாங்கோ விடவில்லை. "அம்மா கல்லுல ஃபாப்ரின்னு இருக்கே! பக்கத்துல அப்பாவை வேற பேர்ல படுக்க வெச்சா, யாரோ அடுத்த வீட்டுக்காரர்னு ஊர் சிரிக்கும்."

"அம்மா கல்லுல அதை அப்பாவா கேட்டு வெட்டச் சொன்னாரு? வேற பேரு கூடாதுன்னு அந்தக் கறுப்புச்சட்டைக்காரனுங்க சொல்லிட்டானுங்க. வெட்டி முடிக்கிறவரை நின்னு அழுதாருடா. ரெண்டும் கொல்லன்தான்னு தெரியாமயா அழுதாரு?"

மறுநாள் காலையில் ஸ்டாங்கோ அம்மாவின் கல்லைப் பெயர்த்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆட்கள் யாரையும் தொட விடவில்லை. ஒரு விரல் கனத்துக்கு முகப்பைச் செதுக்கி எடுத்தார். பழைய பெயர் வெள்ளைத் தூளாகக் காலடியில் கொட்டியது. இரண்டு கல்லிலும் கோவாச் என்று வெட்டினார். அவ்வளவு அழகான எழுத்து அந்தக் கல்லறைத் தோட்டத்தில் வேறெங்கும் கிடையாது.

மெழுகுவர்த்தி ஏற்றும் நாளில் பக்கத்துப் பாறைக்குழிக்காரர் லாடி குனிந்து படித்தார். "என்ன முதலாளி, இனிமே உன்னை எப்படித்தான் கூப்பிடுறது?"

"கல்லு வேணும்னா ஃபாப்ரின்னு கூப்பிடு. விருந்துன்னா கோவாச்னு கூப்பிடு. ரெண்டுக்கும் நான்தான் வருவேன்."

கூட வந்திருந்த பவ்லாவின் பக்கம் திரும்பாமலே ஸ்டாங்கோ தீப்பெட்டிக்குக் கை நீட்டினார். அவள் கொடுத்தாள்.