நெகட்டிவ் வந்த வீட்டில் பிரியாணி

என் மச்சான், அக்காவின் கணவர், தே-ஓ குடிப்பதற்கு முன்னால் கிளாசை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். சிராங்கூன் சாலைக் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உட்காரும் மேசை வாசலை ஒட்டி இருக்கும். வெயில் நேராக உள்ளே விழும். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பால் கலக்காத அந்தத் தேநீரை ஏதோ மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ளே, இது உங்க லேப் பிரவுனா, இல்ல ஒழுங்கா கழுவாத பிரவுனா?" என்பார். கூட இருக்கும் கப்பல் பட்டறை நண்பர்கள் சிரிப்பார்கள். கேலி செய்வது என் தொழில். அந்த ஒரு கேள்வியில் மட்டும் அவர் என்னை முந்திவிட்டார்.

பிரவுனை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். செகண்டரி இரண்டோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானும் அதைக் கெஞ்சவில்லை. அங்கே இங்கே சுற்றிவிட்டு, கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சதைத்துண்டுகளைச் சோதிக்கும் லேபில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஆபரேஷன் அறையிலிருந்து ஜாடிகளைத் தூக்கி வருவது, கண்ணாடித் துண்டுகளைக் கழுவுவது, டாக்டர் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பொய் சொல்வது ஆகியவை என் வேலை. அந்தக் காலத்தில்தான் எங்கள் லேபுக்குப் புதிதாக ஒரு வித்தை வந்தது. வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் விரல் நீளக் குப்பிகளில் மருந்து வரும். அதற்கு மார்க்கர் என்று பெயர். கட்டியிலிருந்து வெட்டிய மெல்லிய சீவலைக் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் ஒரு சொட்டு விட்டு, ஈர டிஷ்யூ விரித்த சாப்பாட்டு டப்பாவுக்குள் மூடிவைப்போம். பிறகு கழுவி, இன்னொரு சொட்டு, மறுபடி கழுவி, கடைசியாக நிறம் ஏற்றும் மருந்து. குப்பி தேடுகிற ஆள் அந்தச் சீவலுக்குள் இருந்தால் அந்த இடம் பிரவுனாக மாறும். இல்லாவிட்டால் நீலமாகவே கிடக்கும். ஒழுங்காகக் கழுவாவிட்டால் எல்லா இடமும் பொய்யாகப் பிரவுனாகிவிடும்.

இதெல்லாம் எதற்கு என்றால், சில கட்டிகள் வழக்கமான சாயத்தில் முகத்தைக் காட்டாது. எங்கள் டாக்டர் சீனப் பெண்மணி, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். "எல்லாரும் ஒரே யூனிஃபார்ம் போட்டிருக்கிறார்கள், பெயர்ப்பட்டை இல்லை" என்பார். தொண்டையில் பிறந்து கழுத்துக்குக் குடிவந்த புற்றுநோயும், கழுத்து நெறிக்கட்டியிலேயே பிறந்த லிம்ஃபோமா என்ற வேறு வகைப் புற்றுநோயும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். ஆனால் ஒன்றுக்கு ஒரு வைத்தியம், மற்றதற்கு வேறு வைத்தியம். பெயர் தெரியாமல் வைத்தியத்தைத் தொடங்கினால் தவறான வீட்டுக் கதவை உடைத்த கதையாகிவிடும்.

மச்சானுக்குக் கட்டி வந்தது கழுத்தில், காதுக்குக் கீழே. அவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுபவர். அக்கா அதைக் கொசு கடித்த வீக்கம் என்றாள், பிறகு ஏர்கண்டிஷன் காற்று என்றாள், பிறகு சட்டைக் காலரைக் குற்றம் சொன்னாள். காலர் பொத்தான் மூடாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அரை நாள் வேலை. எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. விடுமுறைக்கு முன்னால் வருகிற துண்டு எதுவானாலும் ஃபார்மலினுக்குள் போட்டு மூடிவைத்துவிட்டுப் போவோம். அழுகாது, பத்திரமாக இருக்கும். அந்த விடுமுறை சனி ஞாயிறையும் சேர்த்துக்கொண்டு நீண்டுவிட்டது. மச்சானின் துண்டு பத்திரமாக இருந்தது. அளவுக்கு மேல் பத்திரமாக இருந்தது.

வழக்கமான சாயத்தில் டாக்டர் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள் விவகாரம்தான். இரண்டு நோய்க்கும் உரிய இரண்டு மார்க்கரையும் போடச் சொன்னார். கூடவே, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேறு யாருடைய டான்சில் சீவலோ ஒன்று. டான்சில் அழகாகப் பிரவுனாகியது. மச்சானின் சீவல் இரண்டும் நீலம். மறுபடி போட்டோம், நீலம். ஃபார்மலின் இறுக்கிப் பூட்டியதைத் திறக்கிற நொதி ஒன்று உண்டு. அதில் ஊறவைத்தபோது சீவலே கண்ணாடியைவிட்டுக் கழன்று தண்ணீரில் மிதந்து போயிற்று. வடிகால் வாயில் அது போய் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கண்ணாடியைச் சுவரில் வீசி எறிய வேண்டும்போல் இருந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அச்சார் போட்டுவிட்டோம்" என்றார், ஊறுகாயைத்தான் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால்தான் இப்படி நம் ஊர்ப் பேச்சு வரும். "துண்டு ஊறிக் கெட்டுப்போய்விட்டது. உள்ளே ஆள் இருக்கிறான், கேள்வி அவன் காதில் விழவில்லை. புதுத் துண்டு வேண்டும்."

அந்தச் செய்தியை மச்சானுக்குச் சொன்னவர் அறுவை டாக்டர், கிளினிக்கில், ஆங்கிலத்தில். இரண்டு மார்க்கரும் நெகட்டிவ், அதனால் திரும்ப ஒரு துண்டு எடுக்க வேண்டும் என்று முழுசாகத்தான் சொல்லியிருக்கிறார். மச்சான் காது 'நெகட்டிவ்' என்ற சொல்லோடு மூடிக்கொண்டது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பட்டறையில் வருஷா வருஷம் நெஞ்சுப்படம், சிறுநீர்ச் சோதனை எல்லாம் எடுப்பார்கள். நெகட்டிவ் என்றால் வேலைக்குப் போ. அந்தச் சொல்லுக்கு அவர் வாழ்க்கையில் வேறு அர்த்தமே இருந்ததில்லை.

அன்று மாலை வேலை முடிந்து கிளமெண்டியில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பிரியாணி மணம். மாதா கோயில் ஆட்கள், பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, பட்டறை நண்பர்கள் எல்லாரும் இருந்தார்கள். அக்கா கண்ணீரோடு ஓடி வந்தாள்.

"தம்பி, மாதா கைவிடலடா! மார்க்கர் போட்டுப் பாத்தாங்களாம், ஒண்ணுமே ஒட்டலையாம்!"

அவள் மனத்தில் இருந்தது பள்ளிக்கூடத்து மார்க்கர் பேனா. கட்டியின்மேல் கோடு இழுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அன்று நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"அக்கா, நெகட்டிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்ல. என்ன நோய்னு தெரியலைன்னு அர்த்தம். மறுபடி வெட்டணும்."

அறையே சிரித்தது. ஒரு தட்டில் பிரியாணியை அள்ளி என் கையில் திணித்தாள் அக்கா. "வந்துட்டான்யா! இவன் பேச்சக் கேட்டு நான் ஒரு மாசம் லிஃப்ட்டுக்கு ஐ.சி. தூக்கிட்டு அலைஞ்சேன்." அது உண்மை. இனி லிஃப்ட்டில் ஏற அடையாள அட்டை காட்ட வேண்டும், அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டது என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். சிறு வயதிலிருந்து நான் வாய் திறந்தாலே சிரிக்கத் தயாராக இருக்கும் கூட்டம் அது. அவர்கள் முன்னால் உண்மையை எந்த முகத்தோடு சொல்வது? முகத்தைச் சோகமாக வைத்தேன். "பாரு, நடிக்கிறான்" என்றார்கள். கோபப்பட்டேன். "சூப்பர்" என்றார்கள். மச்சான் என் முதுகில் தட்டி, "மாப்ளே, உங்க ஆஸ்பத்திரிக்குச் சதை வேணும்னா தேக்கா மார்க்கெட்ல வாங்கிக்க லா" என்றார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். சிரிக்கும்போது கழுத்துக் கட்டி மேலும் கீழும் ஆடியது.

பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கிளினிக் கொடுத்த தேதிக்கு அவர் போகவில்லை. ஃபோன் செய்தால் அக்கா எடுத்து, மாதாவுக்கு நவநாள் ஜெபம் முடியட்டும் என்பாள். டாக்டர் தினமும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். லேபில் டான்சில் சீவல்கள் தினமும் பிரவுனாகிக்கொண்டிருந்தன. ஊரார் துண்டெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குப்பிகளைக் குளிர்பெட்டியில் எடுத்துவைக்கும்போதெல்லாம் ஆத்திரமாக வரும். இவ்வளவு தூரம் ஐஸில் பறந்துவந்த மருந்து இருக்கிறது, கேட்கத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், நடுவில் இந்த ஒரு சொல் குறுக்கே படுத்துக்கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக் கடைக்குப் போனேன். மச்சான் காலரைத் திறந்துவிட்டு, நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், கதவத் தட்டினோம், தொறக்கல. அவ்வளவுதான் நடந்துச்சு" என்றேன்.

"தொறக்கலன்னா வீட்ல ஆள் இல்ல லா."

"இருக்கான். தூங்குறான்."

"அப்ப ஏன்டா எழுப்புற?"

மேசை அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்பதுதான் கொடுமை. அதற்குமேல் விளக்க எனக்குப் படிப்பும் இல்லை, பொறுமையும் இல்லை. வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நாற்காலியில் ஏறி நின்று கிரேன் ஓட்டும் மச்சானாக நடித்தேன். மச்சானே எங்களுக்குப் பலமுறை சொன்ன கதை அது. ஒரு மழை நாளில் இரும்புத் தகடு அந்தரத்தில் தொங்க, கீழே சிக்னல் காட்டுகிற ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே இவர் லிவரைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். கீழே ஃபோர்மன் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறார். நான் மழையில் நனைந்தேன், ஃபோர்மனாகக் கத்தினேன், கழிப்பறைக்குப் போய்விட்ட சிக்னல்காரனாகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். நண்பர்கள் மேசையைத் தட்டினார்கள். கடைசியில் மறுபடி நாற்காலியில் ஏறி, மச்சானின் குரலிலேயே, "சிக்னல் தெரியல. தெரியலன்னா எறக்குன்னா அர்த்தம்? கீழ ஆள் நின்னா யாரு பதில் சொல்றது?" என்றேன். அந்தக் கதையில் அவர் ஃபோர்மனுக்குச் சொன்ன பதில் அது. நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானும்தான். பிறகு அவர் சிரிப்பு மட்டும் நின்றது. கை தானாகக் காதுக்குக் கீழே போயிற்று. கிளாசை மேசையில் வைத்தார்.

"எறங்கு மாப்ளே, நாற்காலி ஒடஞ்சிடும்" என்றார். எழுந்துகொண்டே, "உங்கக்காட்ட நான் சொல்லிக்கிறேன்."

இந்த முறை ஆபரேஷன் அறை வாசலில் நானே நின்றேன். துண்டு வெளியே வந்ததும் ஐஸில் வைத்து ஓடினேன். டாக்டர் அதில் பாதியை அப்படியே உறையவைத்தார், பாதியை அளவான நேரம் மட்டும் ஃபார்மலினில் வைத்தார். மறுநாள் டப்பாவைத் திறந்து நிறம் ஏற்றினோம். தொண்டைப் புற்றுநோய் மார்க்கர் நீலமாகவே கிடந்தது. லிம்ஃபோமா மார்க்கரில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு வளையம், பேனாவால் போட்டதுபோல, அடர்த்தியான பிரவுன். டாக்டர் நகர்ந்துகொண்டு என்னைப் பார்க்கச் சொன்னார். மருந்துக்கு உருகக்கூடிய ரகம், காலம் கடத்தாமல் தொடங்க வேண்டும் என்றார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

கிளினிக்கில் அறுவை டாக்டர் சொல்லி முடித்ததும் வெளியே வந்த அக்காவின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "பாசிட்டிவாம்டா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இதுதான் நல்லது. பாசிட்டிவ் வந்தாத்தான் வைத்தியம்" என்றேன். ஓங்கி என் தோளில் அடித்தாள். "இப்பவுமாடா விளையாட்டு?" உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய் வேண்டியிருந்தது, ஆனால் இருந்தது இந்த ஒன்றுதான். மச்சான் அவளுக்குப் பின்னால் நின்றார். பிரவுன் வந்தால்தான் பதில் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். என்னை மட்டும் பார்த்து, பால் கலக்காத தேநீரின் நிறமா, காப்பியின் நிறமா என்று கேட்டார்.

"தே-ஓவா, கோப்பி-ஓவா?"

"கோப்பி-ஓ மச்சான். கெட்டியா."

"அப்ப சிக்னல் வந்துடுச்சு" என்றார்.

வைத்தியத்தில் முடி கொட்டியது, வாந்தி எடுத்தார், மெலிந்தார். கட்டி உருகிப்போய்க் காலர் பொத்தான் மறுபடி மூடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாசை வெயிலில் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. கிரேனில் ஏறினார், கோயிலில் மகளின் முதல் நற்கருணை விழாவுக்குக் கோட்டுப் போட்டு வந்தார். சில வருஷங்கள் அப்படிப் போயின. பிறகு நோய் வேறு இடத்தில் திரும்பி வந்தது. இரண்டாவது முறை மருந்துக்கு உருகவில்லை.

இப்போது கிளமெண்டிக்கு எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. அவர் அதில் ஒரு முறைகூட ஏறவில்லை. போன வாரம் அவருடைய நினைவுப் பூசை முடிந்து அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒருவரிடம் அக்கா வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மொதல்ல நெகட்டிவ்னுதாங்க வந்துச்சு. மறுபடி போய் வெட்டினாங்க, அப்பதான் அந்த நோயே வந்துச்சு. அந்த ரெண்டாவது தடவ வெட்டாம விட்டிருந்தா..." சொல்லும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை. வெட்டாமல் விட்டிருந்தால் அந்தக் கோட்டுப் போட்ட படம் சுவரில் தொங்கியிருக்காது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். இரண்டு பேர் இப்போதே சிரிக்க ஆயத்தமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா எனக்குத் தே-ஓ கொண்டுவந்து கொடுத்தாள். என்னை அறியாமல் கிளாசை ஜன்னல் பக்கம் தூக்கி, ஒரு கண்ணை மூடினேன். வெளுத்த பிரவுன்.

"என்னடா பாக்குற?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். லிஃப்ட் கதைக்குப் பிறகு அந்த வீட்டில் நான் சொல்லி உடனே நம்பப்பட்ட ஒரே பதில் அதுதான்.